ஆனையிறவு உப்பும் காங்கேசன்துறைக் கல்லும்: மூலகங்கள் சேரும் கணக்கு

ஆனையிறவில் விளைந்த உப்பைச் சுத்திகரித்து, ஈரம் போக உலர்த்தி, ஒரு கிலோ நிறுத்து எடுத்தால் அதில் 393 கிராம் சோடியமும் 607 கிராம் குளோரீனும் இருக்கும். புத்தளத்து உப்பிலும் இதே அளவுதான். அம்பாந்தோட்டை உப்பிலும், பாகிஸ்தானில் மலையைக் குடைந்து எடுக்கும் இளஞ்சிவப்பு உப்பிலும், கலந்திருக்கும் வேறு பொருட்களை நீக்கிவிட்டால் இதே அளவுதான். 2025 இல் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை மீண்டும் இயங்கத் தொடங்கியபோது அந்த உப்புக்கு என்ன பெயர் என்பது பற்றி நாங்கள் நிறையப் பேசினோம். பேச வேண்டிய விடயம்தான். பைக்குள் இருக்கும் பொருளைப் பற்றி மட்டும் எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நான் வன்னியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்து வருகிறேன். மூலகங்கள் எந்த விதிகளின்படி ஒன்றோடொன்று சேருகின்றன என்பது பீசமானம் என்ற பாடத்தின் தொடக்கத்தில் வரும். ஆசிரியர்கள் அதை ஒரு பாடவேளையில் முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் மனனம் செய்துகொண்டு கணக்குக்குப் போய்விடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் வடக்கில் மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகளை மீளத் திறப்பது பற்றிய பேச்சு ஆண்டுக்கு ஒரு தடவையாவது எழுகிறது. அந்தப் பேச்சில் ஊர்ச் சனம் எதைக் கேட்க வேண்டும் என்று யோசித்தால், பிள்ளைகள் ஒரு பக்கத்தில் மனனம் செய்யும் அதே விதிகளில்தான் நான் வந்து நிற்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் இருந்து தொடங்கலாம். ஆனையிறவு உப்பே அதன் மூலப்பொருள். உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்னைச் செலுத்தினால் மூன்று பொருட்கள் கிடைக்கும்: கோஸ்டிக் சோடா, குளோரீன் வாயு, ஐதரசன் வாயு. சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் கோஸ்டிக் சோடா தேவை. குடிநீரைத் தொற்று நீக்கக் குளோரீன் தேவை. போர் அந்தத் தொழிற்சாலையை நிறுத்தியது. மிஞ்சிய இடிந்த கட்டடங்களைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

அங்கே நடந்த தாக்கத்தின் கணக்கு இதுதான். 117 கிலோ உப்பு 36 கிலோ தண்ணீரோடு தாக்கமுற்றால் 80 கிலோ கோஸ்டிக் சோடா, 71 கிலோ குளோரீன், 2 கிலோ ஐதரசன் கிடைக்கும். உள்ளே போனதைக் கூட்டினால் 153. வெளியே வந்ததைக் கூட்டினாலும் 153. உப்பை இரண்டு மடங்காக்கினால் மூன்று விளைவுகளும் இரண்டு மடங்காகும். கோஸ்டிக் சோடாவை மட்டும் இரண்டு மடங்காக்கி, குளோரீனை அப்படியே வைத்திருக்க எந்தப் பொறியியலாளராலும் முடியாது. இந்த ஒரு தாக்கத்துக்குள் இரண்டு விதிகள் இருக்கின்றன. மொத்தத் திணிவு மாறுவதில்லை என்பது ஒன்று. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய விகிதத்தில்தான் சேரும், பிரியும் என்பது மற்றது.

இப்போது கேட்கும்போது இவை சாதாரணமாகத் தெரியும். மனிதர்கள் இவற்றை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு அது ஏன் என்று எளிதில் விளங்கும். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் சில துளி மண்ணெண்ணெய். விடியும்போது எண்ணெய் இருக்காது. பொருள் எரிந்தால் இல்லாமற் போகிறது என்றுதான் கண் சொல்லும். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களும் ஏறத்தாழ இதையே நம்பினார்கள். எரியும் பொருளுக்குள் புளோஜிஸ்தன் என்று ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது என்றார்கள்.

உண்மையில் 10 கிராம் மண்ணெண்ணெய் எரியும்போது காற்றிலிருந்து ஏறத்தாழ 35 கிராம் ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. 31 கிராம் காபனீரொட்சைட்டும் 14 கிராம் நீராவியுமாக 45 கிராம் வெளியேறுகிறது. எரிந்தபின் எண்ணெயைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமான பொருள் அந்த அறைக்குள் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அதை நிறுக்கவில்லை.

அதைப் பிடித்து நிறுத்தவர் பிரான்சின் அந்துவான் லாவோசியே. கந்தகமும் பொசுபரசும் எரிந்தபின் பாரம் கூடுவதை 1772 இலேயே கவனித்திருந்தார். 1774 இல் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் இட்டு, வாயை உருக்கி மூடி, சூடாக்கினார். உலோகத்தின் மேல் சாம்பல் போன்ற படை உண்டாயிற்று. மூடிய குடுவையின் நிறை மாறவில்லை. பின்னர் வாயைத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. நிறை கூடியது. உலோகம் குடுவைக்குள் இருந்த காற்றின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறது, அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் வெளிக்காற்று போனது என்று அவர் முடிவுக்கு வந்தார். எடுத்துக்கொள்ளப்பட்டது எந்த வாயு என்ற துப்பு இங்கிலாந்தின் ஜோசப் பிறீஸ்ற்லியிடமிருந்து கிடைத்தது. அதே 1774 இல் அவர் இரசத்தின் ஒட்சைட்டைச் சூடாக்கி ஒட்சிசனைப் பெற்றிருந்தார். பெயர் வைத்தவர் லாவோசியே. 1789 இல் வெளிவந்த தன் பாடநூலில், எந்தத் தாக்கத்திலும் முன்னும் பின்னும் பொருளின் அளவு சமம் என்று அவர் எழுதினார்.

இருவருக்கும் என்ன நடந்தது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. பிறீஸ்ற்லி பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவர், அரச திருச்சபையை ஏற்காதவர். 1791 யூலையில் பேர்மிங்காமில் ஒரு கும்பல் அவரது வீட்டையும் நூல்களையும் ஆய்வுகூடத்தையும் எரித்தது. யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவர் 1794 இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். லாவோசியே, மன்னராட்சிக் காலத்தில் வரி வசூலித்த நிறுவனத்தில் பங்காளராக இருந்ததற்காக, 1794 மே 8 ஆம் திகதி தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்.

லாவோசியேயின் பரிசோதனையைப் போன்ற ஒன்றை வீட்டில் செய்யலாம். பல பாடசாலைகளில் ஆய்வுகூடம் என்பது பூட்டிய ஓர் அறைதான் என்பதால் இதை விபரமாகவே எழுதுகிறேன். நகை நிறுக்கும் சிறிய இலத்திரனியல் தராசு ஒன்று வேண்டும். 0.1 கிராம் காட்டினாற் போதும். ஒரு லீற்றர் சோடாப் போத்தலுக்குள் 50 மில்லிலீற்றர் வினாகிரி விடுங்கள். 2 கிராம் அப்பச்சோடாவை மெல்லிய கடதாசியில் சுற்றிப் போட்டு உடனே மூடியை இறுக்கி நிறுங்கள். நுரைத்து அடங்கியபின் மறுபடி நிறுங்கள். எண் மாறாது. பிறகு மூடியைத் திறங்கள். சீறல் கேட்கும், ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிறை இறங்கும். சோடாவின் அளவைக் கூட்ட வேண்டாம், கண்ணாடிப் போத்தலில் செய்யவே வேண்டாம். இன்னொன்று: சில காணொளிகளில் போத்தலின் வாயில் பலூனை மாட்டுகிறார்கள். பலூன் விரிந்தால் காற்று அதை மேலே தாங்கும், தராசு குறைவாகக் காட்டும், திணிவு குறைந்துவிட்டதென்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். பருமன் மாறாத போத்தல்தான் சரி.

இனிக் காங்கேசன்துறைக்குப் போவோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை அந்தக் கல்லை நம்பித்தான் கட்டப்பட்டது. 1990 இல் அது நின்றது. அதற்கு முன்பே பல தலைமுறைகளாக எங்கள் ஊர்களில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. சூளையில் நடப்பது எளிய தாக்கம். தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ காபனீரொட்சைட்டு காற்றோடு போகும். அந்த 56 கிலோவுக்கு 18 கிலோ தண்ணீர் சேர்ந்தால் கொதித்துப் பொங்கி 74 கிலோ நீறிய சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசினால் நாட்கள் போகப் போகக் காற்றிலிருந்து 44 கிலோ காபனீரொட்சைட்டை மீண்டும் எடுத்துக்கொண்டு, 18 கிலோ தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ சுண்ணாம்புக் கல்லாகிவிடும்.

வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்பட்டபின் வீடு பார்க்கப் போனவர்கள், இடிந்த சுவர்களில் பழைய வெள்ளைப் பூச்சு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துப் பகுத்தால் 100 பங்கில் 40 கல்சியம், 12 காபன், 48 ஒட்சிசன். பக்கத்துக் குழியில் கிடக்கும் கல்லிலும் சுத்தமான பகுதியை எடுத்தால் 40, 12, 48. ஒன்று நிலத்துக்கடியில் கடலுயிரிகளின் ஓடுகளிலிருந்து உண்டானது. மற்றது யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவரில் உண்டானது. பகுப்பாய்வுக்கு இரண்டும் ஒன்றே.

இதைத்தான் ஜோசப் புரூஸ்ற் என்ற பிரெஞ்சுக்காரர் ஸ்பெயினில் இருந்துகொண்டு செம்பை வைத்துக் காட்டினார். 100 இறாத்தல் செம்பை அமிலத்தில் கரைத்து, காபனேற்றைச் சேர்த்துப் பச்சை நிறச் செப்புக் காபனேற்றாகப் படியச் செய்தால் எப்போதும் 180 இறாத்தல் கிடைக்கிறது என்று 1799 இல் அறிவித்தார். நிலத்திலிருந்து தோண்டியெடுத்த பச்சைக் கல்லிலும் அதே விகிதம் இருந்தது. இன்றைய கணக்கின்படி 180 அல்ல, 174 தான் வரவேண்டும். அந்தக் காலத்துத் தராசுக்கும் கழுவி உலர்த்தும் முறைக்கும் அந்த வேறுபாடு மோசமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே எண் வந்தது என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. இது மாறா அமைப்பு விதி எனப் பெயர் பெற்றது.

அதை எதிர்த்தவர் குளோட் பெர்தொலே, சாதாரண ஆள் இல்லை. 1798 இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். அங்கே நத்ரூன் ஏரிகளின் கரையில் சோடியம் காபனேற்று படிந்திருப்பதைக் கண்டார். உப்பும் சுண்ணாம்புக் கல்லும் தாக்கமுற்று உண்டான படிவு அது. ஆய்வுகூடத்திலோ அந்தத் தாக்கம் எதிர்த் திசையில்தான் நடக்கும். பொருளின் அளவு மிகுந்தால் தாக்கத்தின் திசையே மாறும் என்று அவர் விளங்கிக்கொண்டார். அது சரி. அப்படியானால் சேரும் விகிதமும் அளவுக்கேற்ப மாறலாம்தானே என்று ஒரு படி மேலே போனார். அங்கேதான் புரூஸ்ற்றோடு முரண்பட்டார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கட்டுரைகளால் வாதிட்டார்கள், மரியாதை குறையாமல். பெர்தொலே காட்டிய உதாரணங்கள் பல, கலவைகளைச் சேர்வை என்று எடுத்துக்கொண்டவை என்பதை புரூஸ்ற் ஒவ்வொன்றாகக் காட்டினார். நெப்போலியனின் படையெடுப்பில் மட்ரிட்டில் இருந்த புரூஸ்ற்றின் ஆய்வுகூடம் அழிந்தது. விதி நிலைத்தது. பெர்தொலேயும் முழுதாகத் தோற்கவில்லை. சில திண்மங்களில், குறிப்பாக இரும்பின் ஓர் ஒட்சைட்டில், விகிதம் சற்று ஏறியிறங்கும் என்பது பின்னாளில் தெரியவந்தது. அவற்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

விகிதம் ஏன் மாறுவதில்லை என்ற கேள்விக்கு விடை சொன்னவர் மஞ்செஸ்ரரில் பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த ஜோன் டோல்ற்றன். பொருள் அணுக்களால் ஆனது, ஒரு மூலகத்தின் அணுக்களுக்கு ஒரே திணிவு, அணுக்கள் முழு எண்ணிக்கையில்தான் சேரும் என்றார். அரை அணு சேர முடியாது. அப்படியானால் இரண்டு மூலகங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சேர்வைகளை உண்டாக்கும்போது அளவுகள் படிப்படியாகத் தாவ வேண்டும். 3 கிராம் காபன் 4 கிராம் ஒட்சிசனோடு சேர்ந்தால் ஒரு வாயு, 8 கிராமோடு சேர்ந்தால் வேறு வாயு. 5, 6, 7 கிராமோடு சேர்ந்த வாயு கிடையாது. இது பல்விகிதசம விதி.

இந்த இரண்டு வாயுக்களையும் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். எட்டோடு சேர்ந்தது காபனீரொட்சைட்டு, நாங்கள் மூச்சில் விடுவது. நான்கோடு சேர்ந்தது காபனோரொட்சைட்டு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கொன்றுவிடும். எரியும் இடத்தில் காற்று போதாமல் இருந்தால் இது உண்டாகும். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளேயோ மூடிய விறாந்தையிலோ ஓடவிடுகிறவர்கள், அறையைப் பூட்டிக்கொண்டு கரி எரிக்கிறவர்கள், 4 என்ற அந்த எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

டோல்ற்றனின் கையெழுத்துத் தாள்களில் பெரும்பகுதி 1940 மார்கழியில் மஞ்செஸ்ரர் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்தது. எந்த நாளில் எந்தக் கணக்கிலிருந்து அவருக்கு அணு பற்றிய எண்ணம் வந்தது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜேர்மனியின் ரிக்டர் 1792 அளவில் கண்ட விதியையும் சொல்லிவிடுகிறேன். பீசமானம் என்ற துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயர் வைத்தவர் அவர்தான். 3 கிராம் காபன் 1 கிராம் ஐதரசனோடு சேரும், அது மெதேன். 3 கிராம் காபன் 8 கிராம் ஒட்சிசனோடும் சேரும். அப்படியானால் ஐதரசனும் ஒட்சிசனும் தங்களுக்குள் சேரும்போது? 1 இற்கு 8. அதுதான் தண்ணீர்.

கடைசியாக வாயுக்கள். பரந்தன் கணக்கில் 2 கிலோ ஐதரசனும் 71 கிலோ குளோரீனும் வந்தன. திணிவில் எவ்வளவு பெரிய வித்தியாசம். ஆனால் ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் இரண்டும் அடைக்கும் இடம் சமம். சாதாரண அறை நிலையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24,000 லீற்றர். முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த 5,000 லீற்றர் பவுசரை நினைத்துப் பாருங்கள். ஐந்து பவுசர் அளவு ஐதரசன், ஐந்து பவுசர் அளவு குளோரீன். இரண்டும் சேர்ந்தால் பத்துப் பவுசர் அளவு ஐதரசன் குளோரைட்டு. வாயுக்கள் இப்படி எளிய முழு எண் விகிதத்தில் சேருகின்றன என்று 1808 இல் காட்டியவர் கேலூசாக்.

டோல்ற்றனுக்கு இது பிடிக்கவில்லை. சம கனவளவில் சம எண்ணிக்கையான அணுக்கள் இருந்தால், ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டாவதற்கு ஒவ்வோர் அணுவும் பாதியாக உடைய வேண்டுமே என்றார். கேள்வி நியாயமானது. 1811 இல் இத்தாலியின் அவகாதரோ விடை சொன்னார். வாயுவில் இருப்பவை தனி அணுக்கள் அல்ல, சோடி சோடியாக இணைந்த மூலக்கூறுகள், உடைவது அந்தச் சோடிதான் என்றார். ஐம்பது ஆண்டுகளாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1860 இல் கார்ல்ஸ்றூ நகரில் இரசாயனவியலாளர்கள் கூடியபோது கனிசாரோ அதை மீண்டும் எடுத்துப் பேசினார். அதற்குள் அவகாதரோ இறந்து நான்கு ஆண்டுகளாகிவிட்டன.

இனி நான் தொடக்கத்தில் சொன்ன பேச்சுக்கு வருகிறேன். பரந்தனை மீளத் திறப்பதாக யாராவது ஊர்க்கூட்டத்தில் வந்து சொன்னால், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்போம். கேட்கத்தான் வேண்டும். கூடவே, கோஸ்டிக் சோடாவில் எத்தனை தொன் என்று கேட்டு, விடையைக் குறித்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் 80 ஆல் பிரித்து 71 ஆல் பெருக்குங்கள். ஆயிரம் தொன் என்றால் குளோரீன் 887 தொன். அது யார் வாங்கப் போவது, எந்தத் தாங்கியில் இருக்கப் போகிறது, கசிந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பவை அடுத்த கேள்விகள். விடை சொல்ல முடியாத கேள்விகளும் அல்ல. 71 கிலோ குளோரீனை 74 கிலோ நீறிய சுண்ணாம்பில் செலுத்தினால் கிணற்றுக்குப் போடும் குளோரின் பவுடர் கிடைக்கும். 74 கிலோ நீறிய சுண்ணாம்புக்கு 100 கிலோ கல் வேண்டும். 117 கிலோ ஆனையிறவு உப்புக்கு 100 கிலோ சுண்ணாம்புக் கல் சோடி.

அந்தக் கல்லை எங்கே தோண்டுவது என்பது இன்னொரு கேள்வி. காங்கேசன்துறையில் பழைய குழிகள் இன்றும் இருக்கின்றன. குடாநாட்டின் நன்னீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்தான் தேங்கி நிற்கிறது. சீமெந்துக்காகச் சுடும் ஒவ்வொரு தொன் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும், எரிபொருளின் புகையைச் சேர்க்காமலே, 440 கிலோ காபனீரொட்சைட்டு போகும். நவீன இயந்திரம், வெளிநாட்டுத் தொழில்நுட்பம் என்று எதைச் சொன்னாலும் கல்லிலிருந்து வரும் அந்த 440 குறையாது, பிடித்து வேறெங்காவது அடைக்கலாம், அவ்வளவுதான். சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவு எண்ணெய் மிதந்தபோது, நிலத்தில் ஊற்றியது நிலத்தோடு போய்விடும் என்று நினைத்தவர்கள் எங்கள் மத்தியிலும் இருந்தார்கள். வாளியில் அள்ளிய தண்ணீரில் அது திரும்பி வந்தது.